எல்லை தாண்டாத சாதிச் சான்றிதழ்: தாராவித் தமிழ் மாணவர்களின் உயர்கல்விச் சிக்கல்

மும்பை: தாராவியில் பிறந்து, மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த ஒரு பட்டியலினத் தமிழ் மாணவர், சற்றுத் தொலைவில் உள்ள சயான் மருத்துவக் கல்லூரியின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு விண்ணப்பித்தால், பெரும்பாலும் பொதுப்பிரிவு மாணவராகவே கருதப்படுவார். அதே கல்லூரியில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்லும் 15 சதவீத இடங்களுக்கு விண்ணப்பித்தால், அவர் பட்டியலின மாணவர். மாணவர் ஒருவரே, கல்லூரியும் ஒன்றே. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகார அமைப்பு மட்டுமே வேறு.

இது அலுவலகப் பிழையன்று. அரசியலமைப்புச் சட்டத்தின் வாசகமும், 1990 முதல் உச்ச நீதிமன்றம் அளித்துவரும் தீர்ப்புகளும் சேர்ந்து உருவாக்கிய நிலை. மாநிலம் விட்டு மாநிலம் பெயர்ந்த குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை கல்லூரி வாசலுக்கு வந்துவிட்ட இக்காலத்திலும், அவர்களது சமூக நிலை பூர்விக மாநிலத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது. உயர்கல்வியில் பன்முகத்தன்மை குறித்த விவாதங்களில் அதிகம் பேசப்படாத இச்சிக்கலை, மும்பையின் தமிழ்ப் பகுதிகள் தெளிவாக எடுத்துக்காட்டுகின்றன.

கல்லூரிகள் சூழ்ந்த பகுதி

சயான் என்ற ஊர்ப்பெயரின் மராத்தி வடிவமான 'ஷீவ்' என்பதற்கு எல்லை என்று பொருள். பழைய மும்பைத் தீவின் வட எல்லையாக இருந்த இப்பகுதியைச் சுற்றி, நாட்டின் பழமையான உயர்கல்வி நிறுவனங்கள் சில அமைந்துள்ளன.

1887-இல் தொடங்கப்பட்டு, 1923-இல் மாதுங்காவுக்கு இடம்பெயர்ந்த வீர்மாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவனம், 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தோன்றி 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வேதித் தொழில்நுட்ப நிறுவனம், 1937-இல் நிறுவப்பட்ட ருயா கல்லூரி ஆகியவை மாதுங்காவில் உள்ளன. சயானில் 1964 முதல் லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. செம்பூரை அடுத்த தேவனாரில், 1936-இல் தொடங்கப்பட்ட டாடா சமூக அறிவியல் நிறுவனம் உள்ளது.

இந்தக் கல்வி வரைபடத்தில் தமிழர்களின் பங்கும் உண்டு. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் மாதுங்காவில் தொடங்கப்பட்டது. அதன் கலை, அறிவியல், வணிகவியல் கல்லூரி 1960 முதல் சயானில் செயல்படுகிறது. அலுவலகப் பணிகளுக்காக வந்து மாதுங்காவில் குடியேறிய தென்னிந்தியக் குடும்பங்களின் முயற்சியால் உருவான சங்கம் அது.

தாராவிக்கு வந்த தமிழர்களின் வரலாறு வேறு. தோல் பதனிடும் தொழிலை நம்பிப் பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்களில், ஆதிதிராவிடர்களும் இஸ்லாமியர்களும் கணிசமானோர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 5 லட்சத்துக்கும் அதிகம். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. ஆனால் பள்ளிப் படிப்பைத் தமிழில் தொடங்கும் பிள்ளைகள், கல்லூரிக்குள் நுழையும்போது ஆங்கிலத்துக்கு மாறியாக வேண்டும். மொழியால் ஏற்படும் இந்தத் தடையோடு, சாதிச் சான்றிதழ் என்ற தடையும் அப்போது சேர்ந்துகொள்கிறது.

341-ஆவது பிரிவு சொல்வது என்ன?

அரசியலமைப்புச் சட்டத்தின் 341-ஆவது பிரிவு, பட்டியல் சாதிகள் எவை என்பதை அறிவிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு அளிக்கிறது. அவ்வாறு அறிவிக்கப்படும் சாதிகள் 'அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை' பட்டியல் சாதிகளாகக் கருதப்படும் என்பது அப்பிரிவின் வாசகம். 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான ஆணை, மாநிலவாரியாகப் பட்டியல்களைக் கொண்டிருந்ததற்கு அதுவே காரணம். பட்டியலில் ஒரு சாதியைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே இயலும். மாநில அரசுகளுக்கு அந்த அதிகாரம் இல்லை.

தீண்டாமையின் வடிவமும் கடுமையும் இடத்துக்கு இடம் மாறுபட்டன என்ற புரிதலின் அடிப்படையில் எழுந்த ஏற்பாடு இது. ஒரு மாநிலத்தில் ஒடுக்கப்பட்ட சமூகம், மற்றொரு மாநிலத்தில் அதே நிலையில் இல்லாமல் இருக்கலாம். ஒரே பெயருடைய இரு சமூகங்கள் இரு மாநிலங்களில் முற்றிலும் வேறானவையாகவும் இருக்கலாம். ஆனால் வேலை தேடி லட்சக்கணக்கானோர் மாநில எல்லைகளைக் கடப்பார்கள் என்பதும், அவர்களோடு அவர்களது சாதி நிலையும் சேர்ந்தே பயணிக்கும் என்பதும் அந்த ஏற்பாட்டில் போதிய இடம் பெறவில்லை.

1985 பிப்ரவரி 22 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதம் இந்நிலையை வெளிப்படையாக்கியது. கல்விக்காகவோ வேலைக்காகவோ இடம்பெயரும் பட்டியலினத்தவர், தம் பூர்விக மாநிலத்தின் பட்டியலினத்தவராகவே கருதப்படுவர் என்றும், பூர்விக மாநிலத்தின் சலுகைகளுக்கு மட்டுமே உரியவர் என்றும், குடிபெயர்ந்த மாநிலத்தின் சலுகைகளைக் கோர இயலாது என்றும் அக்கடிதம் தெளிவுபடுத்தியது.

மும்பையில் தொடங்கிய வழக்கு

இந்த விதிக்கு உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றுத் தந்த வழக்கு மும்பையிலிருந்தே சென்றது. ஆந்திரப் பிரதேசத்தில் பழங்குடியினராக அறிவிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மரி சந்திரசேகர ராவ், ஒன்பது வயதில் தந்தையுடன் மும்பை வந்தவர். தந்தை பழங்குடியினர் ஒதுக்கீட்டின் கீழ் மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனத்தில் பணிபுரிந்தார். மும்பையிலேயே பள்ளிப் படிப்பை முடித்த மகன், மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினருக்கான இடத்தைக் கோரியபோது அது மறுக்கப்பட்டது.

சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி முதல்வரை எதிர்மனுதாரராகக் கொண்ட அவ்வழக்கில், 1990-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 'அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை' என்ற சொற்களுக்குப் பொருள் உண்டு. ஆகவே ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ளவர் மற்றொரு மாநிலத்தில் அதே தகுதியைக் கோர முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மகாராஷ்டிரத்தில் சாதிச் சான்றிதழ் வழங்குவது தொடர்பாகவே மற்றொரு வழக்கும் உச்ச நீதிமன்றம் சென்றது. 1994-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு முந்தைய நிலைப்பாட்டை உறுதி செய்தது. 2018 ஆகஸ்ட் 30 அன்று பீர் சிங் எதிர் டெல்லி குடிநீர் வாரியம் வழக்கில், மேலும் ஓர் அரசியல் சாசன அமர்வு அதையே வலியுறுத்தியது. மாநில அரசு தானாக முன்வந்து பிற மாநிலத்துப் பட்டியலினத்தவருக்கு இடஒதுக்கீட்டை விரிவாக்கவும் முடியாது. அதற்கு நாடாளுமன்றத்தின் சட்டம் தேவை என்றும் அந்த அமர்வு கூறியது.

இத்தீர்ப்புகளின் நேரடி விளைவு, மகாராஷ்டிர அரசு விரும்பினாலும் தாராவி மாணவருக்குத் தன் 13 சதவீதப் பட்டியலின ஒதுக்கீட்டில் இடமளிக்க முடியாது என்பதாகும்.

1950-க்கு முந்தைய ஆவணம் எங்கே?

மகாராஷ்டிர விதிகள் ஒரு வழியைத் திறந்து வைத்துள்ளன. பட்டியல் சாதியினரைப் பொறுத்தவரை 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதியும், இதர பிற்படுத்தப்பட்டோரைப் பொறுத்தவரை 1967 அக்டோபர் 13-ஆம் தேதியும் வரையறை நாள்களாக உள்ளன. அந்நாளுக்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிரத்தில் நிரந்தரமாகக் குடியிருந்தது என்பதையும், மாநிலத்தின் பட்டியலில் தம் சாதி இடம்பெற்றிருப்பதையும் நிறுவினால், அக்குடும்பத்தினர் மகாராஷ்டிரத்தவராகவே சான்றிதழ் பெறலாம்.

தாராவிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தமிழர்கள் வந்தனர். எனவே இத்தகுதி உடைய குடும்பங்கள் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் அதை நிறுவுவது எப்படி என்பதுதான் கேள்வி. குடிசைப் பகுதிகளில் மகாராஷ்டிர அரசு முறையான கணக்கெடுப்பு நடத்தி, 'போட்டோ பாஸ்' எனப்படும் புகைப்பட அட்டைகளை வழங்கியது 1976-இல்தான். பட்டா இல்லாத நிலத்தில், எழுத்தறிவு அரிதாக இருந்த காலத்தில், தோல் பட்டறைக் கூலியாக இருந்த கொள்ளுத்தாத்தாவின் இருப்பிடத்துக்குச் சான்று தேடுவது எளிதன்று. பள்ளிப் பதிவேடும் வாடகை ரசீதும் இல்லாத வறுமைதான் இடஒதுக்கீட்டுக்கான காரணம். அந்த வறுமையே இடஒதுக்கீட்டைப் பெறுவதற்கும் தடையாகிறது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் ஆவணங்களின் முக்கியத்துவத்தை மேலும் கூட்டியுள்ளது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை நிறுவுவோருக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு என்பது அத்திட்டத்தின் விதி. மற்றவர்களுக்கு மும்பையின் வேறு பகுதிகளில் வீடு ஒதுக்கப்படும். ஆக, ஒரே குடும்பம் கல்விக்காக 1950-ஐயும் வீட்டுக்காக 2000-ஐயும் நிறுவ வேண்டியுள்ளது. தொலைவுக்கு அனுப்பப்படும் குடும்பங்களின் பிள்ளைகள், சயானும் மாதுங்காவும் நடந்து செல்லும் தொலைவில் இருந்த வசதியையும் இழப்பார்கள்.

மொழி ஏற்கப்படும், சாதி ஏற்கப்படாது

இச்சட்ட நிலையின் முரண், மொழிச் சிறுபான்மைக் கல்லூரிகளில் தெளிவாகத் தெரிகிறது. 2002-இல் டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் யார் என்பதை மாநில அளவிலேயே தீர்மானிக்க வேண்டும் என்று கூறியது. அதன்படி தமிழ்நாட்டில் பெரும்பான்மையினரான தமிழர்கள், மகாராஷ்டிரத்தில் மொழிச் சிறுபான்மையினர். அந்த அந்தஸ்து பெற்ற கல்லூரிகள் தம் மொழியினருக்கு இடங்களை ஒதுக்கிக்கொள்ளலாம்.

தாராவி மாணவரின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் தாய்மொழி தமிழ் என்று குறிக்கப்பட்டிருந்தால், அவ்விடங்களுக்கு அவர் விண்ணப்பிக்க முடியும். ஆனால் அரசியலமைப்பின் 15(5) பிரிவு, சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்குப் பட்டியலின இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆகவே அங்கே அவர் சக தமிழ் மாணவர்களோடு மதிப்பெண்ணிலும், கட்டணம் செலுத்தும் திறனிலும் போட்டியிட வேண்டும். ஆங்கிலவழிப் பள்ளியிலும் தனிப்பயிற்சி மையத்திலும் படித்த மாதுங்கா மாணவரும், ஒற்றை அறை வீட்டில் படித்த தாராவி மாணவரும் அந்தப் பட்டியலில் 'தமிழர்' என்ற ஒரே தகுதியோடு நிற்கிறார்கள்.

எல்லை கடந்து வந்ததால் அவரது மொழிக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. அதே எல்லையைக் கடந்து வந்ததால் அவரது சாதி நிலைக்கான பாதுகாப்பு மறைகிறது. மாநில எல்லை என்ற ஒரே அளவுகோல், இரு வேறு விளைவுகளைத் தருகிறது.

கிறிஸ்தவத்தைத் தழுவிய குடும்பங்களின் நிலை இன்னும் கடினம். 1950 ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தினர் மட்டுமே பட்டியல் சாதியினர். மதம் மாறிய ஆதிதிராவிடர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். மும்பையில் அந்தச் சான்றிதழும் மாநில இடங்களுக்குப் பயன்படுவதில்லை.

மத்திய நிறுவனங்கள் திறக்கும் கதவு

மாநில எல்லை குறுக்கிடாத இடம், மத்திய அரசின் ஒதுக்கீட்டு முறைக்கு உட்பட்ட கல்வி நிறுவனங்கள். பவாயில் உள்ள மும்பை ஐஐடியிலும், தேவனாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்திலும் பட்டியலினத்தவருக்கான 15 சதவீத இடங்கள் அகில இந்திய அளவிலானவை. நெல்லை மாவட்டத் தாசில்தார் வழங்கிய சான்றிதழ் அங்கே செல்லும். தந்தையின் சான்றிதழைக் காட்டினால், பிள்ளைக்கு வசிக்கும் மாநிலத்திலேயே சான்றிதழ் வழங்க உள்துறை அமைச்சகத்தின் 1985 கடிதமும் வழி செய்துள்ளது.

எனினும் இடம் கிடைத்த பிறகு கட்டணம் என்ற கேள்வி எழுகிறது. பட்டியலின மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டத்தின் செலவை, 2020 டிசம்பரில் எடுத்த முடிவின்படி, மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் ஏற்கின்றன. பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு ரூ.2.5 லட்சம். உதவித்தொகையை வழங்க வேண்டிய மாநிலம் எது என்பதை மாணவரின் நிரந்தர இருப்பிடம் முடிவு செய்கிறது. தாராவி மாணவரின் இருப்பிடம் மகாராஷ்டிரம். சாதிச் சான்றிதழோ தமிழ்நாட்டுப் பட்டியலைச் சார்ந்தது. இரு ஆவணங்களும் ஒரே மாநிலத்தைச் சுட்டாதபோது, எந்த அரசு பொறுப்பேற்பது என்ற கேள்வி எழுவது இயல்பு.

உதவித்தொகை சார்ந்த நெருக்கடி எவ்வளவு தீவிரமானது என்பதை, 2018 பிப்ரவரியில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் நடந்த மாணவர் போராட்டம் காட்டியது. இந்த உதவித்தொகைக்குத் தகுதியுடைய மாணவர்களுக்கு அளிக்கப்பட்டுவந்த கட்டணச் சலுகை திரும்பப் பெறப்பட்டதை எதிர்த்து அவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். அரசின் பணம் பின்னர் வரும், கட்டணத்தை முன்னரே செலுத்த வேண்டும் என்ற நடைமுறை ஏழை மாணவர்களால் தாங்க இயலாதது என்பதே அவர்களது வாதம்.

தமிழ்நாடு திரும்பினால்?

பூர்விக மாநிலத்தின் சலுகைக்கு மட்டுமே உரியவர் என்று விதி கூறுவதால், தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் விண்ணப்பிக்கலாமே என்ற கேள்வி எழும். இருப்பிடச் சான்றிதழும் தமிழ்நாட்டின் சாதிச் சான்றிதழும் பெற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டில் பட்டியலினத்தவருக்கு 18 சதவீத ஒதுக்கீடு உள்ளது.

ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2020-இல் கொண்டுவரப்பட்ட 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கானது. மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளி அந்தக் கணக்கில் வராது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ரூ.1,000 உதவித்தொகையும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தோருக்கே உரியது. மருத்துவச் சேர்க்கையில் இரு மாநிலங்களிலும் ஒரே நேரத்தில் இருப்பிட உரிமை கோரவும் முடியாது. பிறந்து வளர்ந்த நகரை விட்டு, உறவினர் குறைந்துபோன ஊரில் விடுதிச் செலவையும் ஏற்றுப் படிக்க வேண்டும் என்பது, மும்பையில் படிக்கும் உரிமைக்கு ஈடாகாது.

எதிர்த்தரப்பின் நியாயம்

இவ்விஷயத்தில் மகாராஷ்டிரத்தின் பட்டியலின மக்களுக்கும் நியாயமான அச்சம் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி அம்மாநில மக்கள்தொகையில் அவர்கள் 11.8 சதவீதம். அவர்களுக்கான 13 சதவீத இடங்களில் பிற மாநிலத்தவரையும் சேர்த்தால், உள்ளூர் மாணவர்களின் பங்கு குறையும். கல்வியில் முன்னேறிய மாநிலங்களிலிருந்து வருவோர் அந்த இடங்களைக் கைப்பற்றக்கூடும் என்பதும் புறந்தள்ளத்தக்க வாதமன்று.

தமிழ்நாடும் இதே விதியைத்தான் பின்பற்றுகிறது. திருப்பூர் பின்னலாடை ஆலைகளில் பணிபுரியும் பிகார் பட்டியலினத் தொழிலாளியின் மகள் தமிழ்வழியில் படித்துத் தேர்ச்சி பெற்றாலும், தமிழ்நாட்டின் 18 சதவீதத்தில் அவளுக்கு இடமில்லை. தாராவித் தமிழர்களின் கோரிக்கையை ஆதரிப்போர், திருப்பூரில் வளரும் அந்தப் பிள்ளையின் கோரிக்கைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இது தமிழர் பிரச்சினை மட்டுமன்று. இந்தியாவின் உள்நாட்டுப் புலம்பெயர்வு முழுவதன் பிரச்சினை.

தீர்வுக்கான வழி

தீர்வுக்கான குறிப்பு 1990 தீர்ப்பிலேயே உள்ளது. சூழ்நிலையின் கட்டாயத்தால் இடம்பெயர்ந்தோர் குறித்து, உரிய சட்டம் இயற்றுவது பற்றிச் சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அப்போதே சுட்டிக்காட்டியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் அத்தகைய சட்டம் வரவில்லை.

உள்ளூர் மக்களின் பங்கைக் குறைக்காமல் இதைச் செய்ய முன்மாதிரி உண்டு. காஷ்மீரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பிற மாநிலக் கல்லூரிகளில் சேர்க்கை வரம்புக்கு மேல் கூடுதல் இடங்களை அளிக்கும் நடைமுறை நாட்டில் உள்ளது. ஒரு மாநிலத்தில் குறிப்பிட்ட ஆண்டுகள் வசித்து, பள்ளிக் கல்வி முழுவதையும் அங்கேயே முடித்த பட்டியலின மாணவர்களுக்கு, நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அதே போன்ற கூடுதல் இடங்களை உருவாக்கலாம். அவை மாநிலத்தின் ஒதுக்கீட்டில் கை வைக்காது.

சட்டத்துக்குக் காத்திராமல் செய்யத்தக்கவையும் உள்ளன. வருமானத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்ட கட்டணச் சலுகைகளை மகாராஷ்டிரம் எவ்விதச் சட்டத் தடையுமின்றி இம்மாணவர்களுக்கு உறுதி செய்யலாம். வெளிமாநிலத் தமிழர்களையும் உள்ளடக்கிய நலச் சட்டத்தை 2011-இல் இயற்றிய தமிழ்நாடு அரசு, சாதிச் சான்றிதழுக்காகத் தாராவிக் குடும்பங்கள் நெல்லைக்கு அலைய வேண்டியிராதவாறு மும்பையிலேயே முகாம்கள் நடத்தலாம். மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்தோரைத் தன் உதவித்தொகைத் திட்டங்களில் சேர்ப்பதும் அரசாணை ஒன்றால் ஆகக்கூடியதே.

2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம்; பட்டியலினத்தவரிடையே அது 25.9 சதவீதம். 2035-க்குள் 50 சதவீதத்தை எட்ட வேண்டும் என்பது தேசியக் கல்விக் கொள்கையின் இலக்கு. அந்த இலக்கை நோக்கிய கணக்கில், பூர்விக மாநிலத்திலும் வாழும் மாநிலத்திலும் முழு உரிமை பெறாத மாணவர்களுக்கும் இடம் வேண்டும். தாராவியிலிருந்து சயான் கல்லூரி வாசலுக்கு நடந்தே சென்றுவிடலாம். சட்டத்தில் அந்தத் தொலைவைக் குறைக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் உள்ளது.